நான்கு பச்சைப் பொட்டலங்கள்

சூமெய் பட்டறையின் பழைய லேத் நான்காவது தடவையாக நின்றுபோனது.

மோட்டார் மெக்கானிக் லோ கருவிப் பெட்டியோடு வந்து சேர்வதற்குள் சந்தே வாசலில் கூடிவிட்டது. தைச்சுங் நகரத்தின் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு பட்டறை. ஒரு மெஷின் தும்மினால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதம் முன்புவரை அந்த லேத்தின் வேகத்தை மாற்ற, பெல்ட்டைக் கழற்றி வேறு கப்பியில் மாட்ட வேண்டும். கணவர் இறந்தபின் தனியாகப் பட்டறை நடத்தும் சூமெய்யின் விரல் நசுங்காத வாரமில்லை. லோதான் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று பொருத்தி, பக்கத்தில் குமிழும் வைத்துக் கொடுத்தார். லேசாகத் திருகினால் ஆமை, நன்றாகத் திருகினால் குதிரை. பிரமாதமாக ஓடியது.

ஆனால் பதினைந்து நாளுக்கொரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தே குட்டித்தூக்கம் போடும் நேரத்தில், யாரோ பெட்டியின் மூடியைத் திறந்து குமிழுக்குப் போகும் ஒயரை உருவிவிட்டார்கள். முதல் தடவை நடந்தபோது லோவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சந்துக்குப் புரிந்துவிட்டது. எதிர்ப் பட்டறை கோங்தான்! அந்த லேத்தை விலைக்குக் கேட்டு மூன்று முறை மூக்குடைபட்டவர் ஆயிற்றே.

கோங்கும் சும்மா இருக்கவில்லை. "லோ மாட்டுன பெட்டியே டுபாக்கூர்" என்று ஊதிவிட்டார். அந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் சூமெய் பட்டறை வாசலை லோ இனி மிதிக்கவே முடியாது.

இன்று கோங்கே கான்ஸ்டபிள் வெய்யைக் கையோடு இழுத்து வந்துவிட்டார்.

"ஐயா, இந்தச் சந்துல நான் தலை நிமிர்ந்து நடக்க முடியல. யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"நீ இல்லேன்னா உம் பூனையா வந்து ஒயர உருவுச்சு?" என்றாள் சூமெய்.

"இந்தாம்மா, மூடியத் திறக்கணும்னா மேல இருக்கற பச்சைப் பொட்டலத்தத் தூக்கணும். அடுத்தவங்க மெஷின் பொட்டலத்த நான் தொடுவேனா? எங்கிட்டயும் ஏழு மெஷின் இருக்கு. அதுங்க நல்லாருக்க வேணாமா?"

'அதுவும் சரிதானே' என்று கூட்டம் தலையாட்டியது. கான்ஸ்டபிளும் ஆட்டினார். ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மேலேயே ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது தேங்காய் மணக்கும் சோளப்பொரிதான், ஆனால் அந்த ஊருக்கு அது பெரிய நம்பிக்கை. பச்சைப் பொட்டலம் வைத்தால் மெஷின் சமர்த்தாக ஓடும். மஞ்சள் வைத்தால் முரண்டு பிடிக்கும். பிரித்துத் தின்றால் படுத்தேவிடும். ஓடுகிற மெஷினின் பொட்டலத்தை எடுத்துவிட்டால், புதிதாக ஒன்று வாங்கி வைத்துச் சமாதானம் செய்ய வேண்டும்.

கான்ஸ்டபிள் குனிந்து பொட்டலத்தின் தேதியைப் படித்தார். "இது போன வாரச் சரக்கு. யாரு வெச்சது?"

"நான் இல்ல. பெட்டி மாட்டுன அன்னிக்கு வெச்சதோட சரி" என்றாள் சூமெய்.

"நானும் இல்ல" என்றார் லோ.

"நாலு தடவையும் பளபளன்னு புதுப் பொட்டலம்தான் இருந்துச்சு. நானே பாத்தேன்!" என்றார் கோங்.

கான்ஸ்டபிள் சிரித்தார். "திருட்டுப்பயலுக்கு மெஷின் மேல பாசம் போலிருக்கே! பட்டறைக்காரங்க எல்லாம் பொட்டலத்த டஜன் கணக்குல வாங்குவாங்க. ஒத்தையா வாங்கினது யாருன்னு முனைக்கடையில கேட்டா முடிஞ்சுது."

அவர் கிளம்பினார். லோவுக்கு வியர்த்துக் கொட்டியது. சூமெய் உள்ளே போய் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். போன தடவை அவர் வந்தபோது மீன் உருண்டை சூப்பே தயாராக இருந்தது. இன்று திடீரென்று நின்றுவிட்டதால் நூடுல்ஸ்தான். லோ அதைக் கிளறிக்கொண்டே முனைக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் நோட்டைப் புரட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"இந்த ரெண்டு மாசத்துல ஒத்தையா வித்தது நாலே பொட்டலம். அதுல ரெண்டு வாங்கினது... லோ சார்."

கூட்டம் 'ஆ' என்றது. கோங் துள்ளினார். "பாத்தீங்களா! தானே கெடுத்து, தானே சரி பண்ணி! எதுக்குய்யா இந்தப் பொழப்பு? ரிப்பேருக்குக் காசுகூட வாங்கலையே நீ?"

லோ நூடுல்ஸ் கிண்ணத்துக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். "மெஷின் நல்லா ஓடினா... நான் இங்க என்னன்னு சொல்லிட்டு வர்றது?"

சட்டென்று லோ தலையைத் தூக்கினார்.

"ஆனா சார், சத்தியமா நான் ரெண்டு தடவதான் உருவினேன்! மத்த ரெண்டு யாரு?"

கான்ஸ்டபிள் நோட்டைப் பார்த்தார், சூமெய்யைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"நான்தான்" என்றாள் சூமெய்.

சொன்னவள், சந்தே வாய்பிளந்து பார்க்க, பெட்டி மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்து டர்ரென்று பிரித்து லோவிடம் நீட்டினாள்: "சாப்பிடுங்க. நாளைக்கும் நிக்கட்டும்."