அட்டையின் கடைசி வரி

“பாரு, மறுபடியும் தள்ளிப் போறே!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் படிக்கும் அட்டையும் கையுமாகக் குனிந்தார். எதிரே மனைவி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“கடைசி வரியைப் படி.”

“தெரியலைங்க.”

“அதுக்கு மேல் வரி?”

“அதுவும் மங்கலாத்தான் இருக்கு.”

அவருக்குப் பகீரென்றது. ஒரே வருஷத்தில் மூன்று கண்ணாடி மாற்றியாகிவிட்டது. ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிற மனுஷனுக்குச் சொந்த மனைவியின் கண் மட்டும் பிடிபடவில்லை.

போன வருஷம் ஆரம்பித்தது இது. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொன்னால் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். சோபாவில் அந்தக் கோடியில் உட்காருவாள். வேறொரு புருஷனாக இருந்தால் சண்டைக்கே போயிருப்பான். இவர் தொழில் தெரிந்தவராயிற்றே! நாற்பதைத் தாண்டியவர்கள் கிட்டே இருப்பதைத் தள்ளிவைத்துத்தான் பார்ப்பார்கள். வெள்ளெழுத்து என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

கண்ணாடி போட்டும் விலகினாள். பவரைக் கூட்டினார். இன்னும் விலகினாள். இப்போது மாடிப்படியில் இடறுகிறாள், காயோடு விரலையும் சேர்த்து நறுக்குகிறாள்.

“கழட்டாம போட்டாத்தானே பழகும்? சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்லை. பெரிய கண் டாக்டர்கிட்ட போலாம்னா அதுக்கும் வரமாட்டேங்கறே.”

“அடுத்த மாசம் பாத்துக்கலாங்க.”

தன் உடம்பின்மேல் இவ்வளவு அலட்சியமா என்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. இவள் பார்வையே போய்விட்டால்?

மறுநாள், பழைய வாடிக்கையாளரான பல் டாக்டரம்மா கடைக்கு வந்தார். புது பிரேமை அவர் காதில் பொருத்த இவர் குனிந்தார். டாக்டரம்மா இவர் வாயையே கவனித்தார்.

“சார், பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?”

“எப்பவாவது வரும். பிரஷ் கொஞ்சம் முரடு.”

“பிரஷ் மேல பழியைப் போடாதீங்க. நாளைக்கு கிளினிக்குக்கு வந்துடுங்க.”

போனார். ஈறு பல்லைவிட்டு விலகிப் பை மாதிரி ஆகியிருந்ததாம். அடிவரை சுத்தம் செய்துவிட்டு லேசர் வைக்க வேண்டுமாம். கத்தி கிடையாது, தையல் கிடையாது.

பச்சை நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை அவருக்கு மாட்டினார்கள். மூக்குத்தண்டில் சரியாக உட்காரவில்லையே என்று தொழில் புத்தி முணுமுணுத்தது. மரத்துப்போன வாய் ஒத்துழைக்காததால் டாக்டரம்மா தப்பித்தார்.

அறை பச்சைத் தண்ணீரில் மூழ்கியது. தலைக்கு மேலிருந்த விளக்கு எங்கோ உயரத்தில் மிதந்தது. நூல் போன்ற முனை ஒன்று ஈற்றோரம் ஊர்ந்தது. வலியே இல்லை, இளஞ்சூடு மட்டும். இயந்திரம் சீராக டிக் டிக்கென்றது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அவர் மெல்ல நழுவிப்போனார்.

அக்கரையில் மனைவி நின்றிருந்தாள். புதிதாகக் கல்யாணம் ஆன நாட்களின் முகம். இவர் நீந்தி நெருங்க நெருங்கக் கரை தள்ளித் தள்ளிப் போனது. வானத்தில் பெரிது பெரிதாக எழுத்துகள். ஒவ்வொன்றாக மங்கி அணைந்தன. “கண்ணு தெரியலைன்னா என்ன? நான் படிச்சுச் சொல்றேன், கிட்ட வா” என்று கெஞ்சினார். அவளும் ஏதோ சொன்னாள். தண்ணீரின் சத்தத்தில் காதில் விழவில்லை.

“இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க, சார்.”

அவர் கண்ணோரம் ஈரமாகியிருந்தது.

“வலிக்குதா?”

இல்லையென்று தலையாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தடவையும் லேசர் வைத்தார்கள். டாக்டரம்மாவுக்குத் திருப்தி.

“ஈறு நல்லா இறுகிடுச்சு. ரத்தம் இல்லை. அந்த வாய் நாத்தமும் போயிடுச்சு.”

“நாத்தமா? எனக்கா?”

“நம்ம வாய் நமக்குத் தெரியாது, சார்.”

“சும்மா இருங்க டாக்டர்! என் வீட்டுல ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

அன்று மத்தியானம் வாயில் பாதி மரப்போடு சோபாவில் கண்ணயர்ந்தார். திரைச்சீலை அசைந்து அசைந்து வெயிலை அறைக்குள் விட்டது. தோளில் ஏதோ இதமாக அழுந்தியது. கனவு என்றே நினைத்தார்.

“இருபது மில்லி எடுத்து முப்பது விநாடி கொப்பளிக்கணும். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. குளிர்ச்சியான, உலர்ந்த இடத்துல வைக்கணும்...”

மனைவிதான். அவர்மேல் சாய்ந்துகொண்டு, டாக்டரம்மா கொடுத்த மருந்து பாட்டிலை வாசித்துக்கொண்டிருந்தாள். எறும்பு எறும்பாக எழுத்து. அவள் முகத்தில் கண்ணாடி இல்லை. இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அவர் விழித்துக்கொண்டார்.

“கண்ணாடி எங்கே?”

“மூணும் அலமாரியில இருக்கு. இனிமே வேண்டாங்க, தலைவலி தாங்கலை.”

“அப்போ... அட்டையில அந்தக் கடைசி வரி?”

“முதல் நாளே தெரிஞ்சுதே.”

“தெரிஞ்சுக்கிட்டேவா ஒரு வருஷமா மங்கலா இருக்குன்னே? படியில இடறி, விரலை வெட்டிக்கிட்டு... எதுக்கு இந்தப் பொய்?”

மனைவி மருந்தை மூடியில் அளந்து அவரிடம் நீட்டினாள்.

“நல்லா தெரியுதுன்னு சொல்லியிருந்தா, அப்புறம் ஏன் தள்ளித் தள்ளி உக்கார்றேன்னு கேட்டிருப்பீங்களே!”