ஒற்றை விரல் போதும்

முப்பாட்டன் காலத்துத் தேக்குக் கதவு. ஒருவர் இழுத்தால் அசையாது. வீட்டை விற்பதா வேண்டாமா என்ற சண்டையில் வயிரவனும் அவர் மனைவி மெய்யம்மையும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடமாகிறது. ஆனாலும் தினமும் காலையில் இருவருமாகத்தான் கதவின் இரும்பு வளையத்தைப் பிடித்தாக வேண்டும். அவர் “ம்” என்பார், சேர்ந்து இழுப்பார்கள். ஒழுகும் ஓட்டுக்கும் கரையான் அரித்த உத்தரத்துக்கும் நடுவே அந்த வீட்டில் மிஞ்சிய பேச்சு அவ்வளவுதான்.

மகன் அனுப்பிய ஆசாரி கதவின் அடியை இழைத்து எண்ணெய் விட்டார். “இனிமே ஒத்த விரல் போதும் ஆச்சி.”

“நல்லதுப்பா. இந்த வீட்ல இதாவது சொன்ன பேச்சக் கேக்கட்டும்.”

மறுநாள் காலை அவள் தொட்டதுமே கதவு திறந்துகொண்டது. பின்னால் வந்த வயிரவன், நீட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்று மாலை கதவைச் சாத்தியதும் மெய்யம்மை ஓர் ஓட்டுச் சில்லை அதன் அடியில் செருகி, குழவியால் தட்டி இறுக்கினாள்.

விடிந்ததும் வளையத்தைப் பிடித்தபடி நின்றாள். வயிரவன் வந்து சில்லைப் பார்த்தார். கால் பெருவிரலால் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, வளையத்தில் கை வைத்தார்.

“ம்.”