புனாகே என்று கூப்பிட்டால்

"புனாகே!" என்று கூப்பிட்டால் வைனிகோலோ திரும்பியே பார்க்க மாட்டான்.

"ஒரு பாட்டு கட்டினதும் அய்யாவுக்குக் கால் தரையில நிக்கல," என்று ஊரே பொருமியது.

பொருமாதா பின்னே? சொல், மெட்டு, கை அசைவு மூன்றையும் ஒரே ஆள் கட்டினால்தான் டோங்காவில் அவன் புனாகே. பக்கத்து ஊரில் ஃபோலாவு என்று பேர்பெற்ற புனாகே ஒருவர் இருக்கிறார். காவா குடிக்க உட்கார்ந்தாலே, "உங்க மண்ணுல கிழங்குதான் விளையும், புனாகே விளையாது" என்பார். இப்போதுதான் எங்களுக்கும் ஒருத்தன் வாய்த்திருக்கிறான்.

தேவாலய மண்டபத் திறப்பு விழா. எங்கள் ஊர் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஃபோலாவு கூடக் கை தட்டினார்.

ஊர்த் தலைவர் தாலியாய் மைக்கைப் பிடித்தார். "இந்த ஆட்டத்தோட புனாகே, எங்க வைனிகோலோ! எழுந்து வாப்பா!"

வைனிகோலோ அசையவில்லை.

"யோவ், பெரிய மனுஷங்க முன்னாடி மானத்தை வாங்காதய்யா!" என்று அதட்டினார் தாலியாய்.

வந்தான். மைக்கை வாங்கினான்.

"சொல்லும் மெட்டும் என்னுது. கை அசைவு என்னுது இல்ல. அந்தப் பேரு எனக்கு வேணாம்."

"பின்னே யாரோடதுய்யா?"

கடைசி பெஞ்சில் இருந்த தன் தம்பி மகள் லுசியானேயைக் காட்டினான். பிறவியிலேயே காது கேட்காத பெண்.

"ஒவ்வொரு வரியையும் எழுதிக் காட்டினேன். வீட்ல பேசுற மாதிரியே கையால சொல்லிக் காட்டினா. இன்னிக்கு ஊரே ஆடினது இவ பேச்சைத்தான்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் எழுந்து நிமிர்ந்து நின்றாள்.

தாலியாய் முகம்தான் தொங்கிப் போயிற்று. "அப்போ நம்ம ஊருக்குப் புனாகே இல்லையா?"

"இல்லண்ணே."

ஃபோலாவு எழுந்தார். செத்தோம், மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்தேன்.

"தாலியாய், அடுத்தது எங்க ஊர் ஆட்டம்," என்றார் தலையைக் குனிந்தபடி. "என்னையும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்க. இத்தனை வருஷமும் மெட்டு போட்டவ என் வீட்டுக்காரி."