வாசலில் உதறிய கால்

பதினோராவது வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த அந்த வெளிநாட்டுப் போருக்கு, அதிரடிப்படை வீரன் தணிகைவேல் காட்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தான். முகாமில் அவன் காலெடுத்து வைத்தால், கடல்தாண்டி ஒரு மலையூரில் அவன் அசைவை அப்படியே செய்யும் இயந்திரமான அவனுடைய இரும்பு உடம்பும் காலெடுத்து வைக்கும்.

அன்று கதவை உடைத்து ஓர் ஆளைப் பிடிக்க உத்தரவு. படியேறியதும் பழக்கதோஷம், செருப்பைக் கழற்றுவதுபோலக் காலை உதறினான். இரும்புக் காலும் அந்த வாசலில் உதறியது. ஜன்னல் வழியே பார்த்த பெண்ணின் முகம் இளகியது. வாசல் மரியாதை தெரிந்தவன் கெடுதல் செய்யமாட்டான் என்று நினைத்தாளோ என்னவோ, தாழ்ப்பாளைத் திறந்து ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். அவளைத் தள்ளிவிட்டுப் போனவன், கட்டிலுக்கடியில் கிடந்த அவள் கணவனைத் தரதரவென்று இழுத்துவந்தான்.

முகாமில் கேப்டன் அவன் முதுகில் தட்டினார். "சபாஷ்டா! ஒரு குண்டு வெடிக்காம கதவு தொறந்துச்சே! நாளையிலேர்ந்து எல்லாரும் வாசல்ல இப்படித்தான் கால உதறணும். நீயே கத்துக்குடு."

தணிகைவேல் அன்றே இருபது பேருக்கு அதைச் செய்துகாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

தண்ணீர்ச் செம்போடு வந்த மனைவி பூங்கோதை, அவன் வெளியிலேயே நிற்பதைப் பார்த்தாள். "என்னங்க, செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க."

காலை உதற அவனால் முடியவில்லை. குனிந்து, கையாலேயே செருப்பைக் கழற்றினான். கழற்றிய பிறகும் நிமிரவில்லை.