ஒன்பதாவது மோடம்

ஃபோன் லைன் வழியே இணையம் தரும் நிறுவனத்தில் நானும் அண்ணனும் மோடம்களைப் பழுது பார்ப்பவர்கள். ஒவ்வொரு மோடத்துக்கும் தனி ஃபோன் எண் உண்டு. சரிசெய்த மோடத்தைத் தன் வீட்டு ஃபோனுக்கு அடிக்கவிட்டுத்தான் அவர் சோதிப்பார். எடுத்தால் காதைக் கிழிக்கும் கீச்சொலி. சாயங்காலம் அண்ணி அவரை வறுத்தெடுப்பார்.

அண்ணன் இறந்து மூன்று வாரமாகிறது.

இன்று அண்ணி அழைத்தார். "தம்பி, தினமும் பதினோரு மணிக்கு ஃபோன் அடிக்குது. எடுத்தா உங்க மெஷின் கத்துது."

"எந்த நம்பர்லேர்ந்து, அண்ணி?"

சொன்னார். ஒன்பதாவது மோடத்தின் எண். அது என் மேஜைமேல் திருகுகள் கழன்று, எந்த வயரும் இல்லாமல் கிடந்தது. அண்ணன் பாதியில் விட்ட வேலை. தொட எனக்கு மனம் வரவில்லை.

"நிறுத்திடறேன், அண்ணி."

"வேணாம்பா. இன்னிக்கு 'சாப்டீங்களா'ன்னு கேட்டேன். கத்தறத நிறுத்திட்டு, நான் பேசறதக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."