முதலாமிடம்

இன்றைக்கும் ஹாஷிம்தான் முதலாமிடம். பதினாலாயிரத்து இருநூறு காலடி என்று போன் காட்டியது. நாகேந்திரம் எட்டாயிரத்து எழுநூறோடு இரண்டாவதாக நின்றார்.

வெள்ளவத்தையில் அவர்கள் குடியிருக்கும் ஃப்ளாட்டில் நடைக்குழு ஒன்று உண்டு. நான்காம் மாடி றொஹான் தொடங்கியது. கையில் கட்டியிருக்கும் வோச் நடையை எண்ணும், யார் எத்தனை காலடி என்று எல்லாருடைய போனிலும் வரிசையாகக் காட்டும்.

நாகேந்திரத்துக்கு வயது அறுபத்திரண்டு. வகுப்பில் இரண்டாம் பிள்ளை, வங்கியில் உதவி மனேஜராகவே ஓய்வு. சாவதற்குள் ஒரே ஒருநாள், ஏதாவது ஒன்றில் முதலாவதாக வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதற்காக வாங்காத சாமான் இல்லை. கீபோர்ட் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. சிங்களம் படிக்கிற ஆப் நான்காம் பாடத்தோடு படுத்துவிட்டது. ஜூஸ் அடிக்கிற மெஷினின் பெட்டிக்குள் இப்போது வெங்காயம் இருக்கிறது.

கடைசி நம்பிக்கை இந்த வோச்தான். கட்டிய நாளிலிருந்து அதுவும் அவரை வதைக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தால் போதும், எழும்பு எழும்பு என்று மணிக்கட்டில் கிடந்து அதிரும்.

"வோச் நடக்காது. நீங்கள்தான் நடக்கவேணும்," என்று மனைவி நேசமலர் சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

நடக்காமலா இருக்கிறார்? ஆனால் ஹாஷிமை எட்டிப் பிடிக்க முடியவில்லை. நாலு மாதத்துக்கு முன்னர்தான் இரண்டாம் மாடிக்குக் குடிவந்த மனிதர். நோன்பு மாதத்திலாவது ஆள் களைத்துப்போவார் என்று நாகேந்திரம் காத்திருந்தார். அப்போதும் பதினாலாயிரம். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு மனிதர் இப்படி நடப்பாரா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் லிஃப்டில் ஆளைக் கண்டார். ஹாஷிம் முழங்காலைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். கையில் வோச்சே இல்லை.

அன்றிலிருந்து நாகேந்திரத்துக்குச் சரியாக நித்திரை இல்லை. குழுவில் எல்லாரும் ஹாஷிமுக்குக் கைதட்டுகிற படம் போடுகிறார்கள். அந்த மனிதரோ ஒரு நன்றிகூடச் சொல்வதில்லை. எவ்வளவு திமிர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடலோரத்து மரைன் ட்ரைவில் உண்மை பிடிபட்டது. ஹாஷிமின் மனைவி றமீலா, தோளில் ஹேண்ட்பேக்கும் கையில் குடையுமாக விறுவிறென்று நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஹாஷிமின் கார் ஊர்ந்து வந்தது. ஹாஷிம் உள்ளே சொகுசாக உட்கார்ந்திருந்தார்.

நாகேந்திரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வோச்சை மனைவியின் கையில் கட்டி, அந்த அம்மாவை நடக்கவிட்டுத்தான் இந்த ஆள் முதலாவதாக வருகிறார். நிற்காமல் நடக்கிறாரா என்று காரில் வந்து காவல் வேறு.

அன்று அவர் வெறிபிடித்தவர் மாதிரி நடந்தார். தெஹிவளைக்குப் போய் வந்தார், பின்னேரம் மறுபடியும் போய் வந்தார். குதிக்காலில் கொப்புளம் போட்டது. ஆறு மணிக்குப் போனைப் பார்த்தார். பதின்மூவாயிரத்து எண்ணூறு. ஹாஷிம் பதினாலாயிரத்து நூறு.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பக்கத்துச் சனத்தோடு கொழுவிச் சண்டை பிடிக்க வேண்டாம் என்று நேசமலர் தடுத்ததையும் கேட்காமல், நொண்டி நொண்டி இரண்டாம் மாடிக்கு இறங்கிப் பெல்லை அடித்தார்.

உள்ளே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்றாக மூன்று பூட்டுகள் திறபடும் சத்தம் கேட்டது. ஹாஷிம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார்.

"ஹாஷிம் நானா, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்," என்றார் நாகேந்திரம். "மனுசியை நடக்கவிட்டு நீங்கள் முதலாவதா வாறது நியாயமோ?"

ஹாஷிமுக்கு விளங்கவில்லை. எதில் முதலாவது என்று கேட்டார். நாகேந்திரம் போனை நீட்டினார். தன் பெயரையும் அதற்கு எதிரே இருந்த எண்ணையும் ஹாஷிம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இப்படி ஒண்டு ஈக்கிதெண்டே எனக்குத் தெரியா, சேர். றொஹான் தம்பிதான் வோச்சை என்ட பேரில போட்டுத் தந்தார்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "றமீலாவுக்கு ரெண்டு வருசமா மறதி. இருவத்தெட்டு வருசம் டீச்சரா ஈந்தவ. விடிய வெள்ளாப்பில உடுத்திட்டு வெளிக்கிட்டுடுவா. மறிச்சா அழுவா. எனக்கு முழங்கால் ஏலா, அதான் காரில பின்னால போறன். கண்ணத் தப்பிப் போனா எங்க நிக்கிறாண்டு போன்ல பாக்கத்தான் அந்த வோச்."

நாகேந்திரம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். தெஹிவளைவரை நடந்த கால் இப்போதுதான் உண்மையில் வலித்தது.

ஹாலுக்குள் றமீலா நடந்துகொண்டிருந்தார். தோளில் அதே ஹேண்ட்பேக், மணிக்கட்டில் வோச். சுவரடிக்குப் போய்த் திரும்பி வந்தவர் வாசலில் நின்றவரைக் கண்டார். கண்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பிரின்சிபலுக்கு முன்னால் பிந்தி வந்தவர்போலத் தலைகுனிந்தார்.

"எவ்வளவு நடந்தும் ஸ்கூல் வருதில்லயே, சேர்."