மூன்றாம் படத்தின் முடிவு

கரண்ட் நிற்கவேண்டும் என்று கேதீஸ்வரன் பிள்ளையாரை மன்றாடிக்கொண்டிருந்தான்.

கரண்ட் வரவேண்டும் என்று இளவயது முழுவதும் நேர்த்தி வைத்தவன் அவன். போகவேண்டும் என்று கும்பிடுவது இதுதான் முதல் தடவை.

வெளியே அரியாலையின் சித்திரை வெயில். பராசக்தி அக்கா வீட்டு முன்னறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மூன்று பேர் இருந்தார்கள். சுவரில் பூட்டிய ரிவியில் விண்கப்பல் படத்தின் மூன்றாம் பாகம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் பாரிசிலிருந்து லீவில் வந்த பழைய கூட்டாளி கனிசியஸ்தான் காரணம். போன கிழமை அக்காவுக்குப் பெரிய ரிவி ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டு, கேதீஸ்வரனுக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், எங்கடை கப்பல் படம் மூண்டும் இதுக்குள்ளை கிடக்கு. கப்டன் இப்ப தமிழிலையே கதைக்கிறார். உனக்கு இனி வேலை இல்லை."

முதலிரண்டு படங்களையும் நேற்றுப் பார்த்தார்கள். பார்த்து முடித்த படத்தின் கீழே சிவப்புக் கோடு விழும் என்று கனிசியஸ் அக்காவுக்கு விளங்கப்படுத்தினான். இன்று மூன்றாவதைத் தேடி எடுத்தபோது, இன்னும் பார்க்காத அதன் கீழும் சிவப்புக் கோடு முழுநீளத்துக்கு ஓடியிருந்தது. கேதீஸ்வரன் அதைக் கண்டான். கண்டதைப் பற்றி யோசிக்கும் நிலையில் அவன் இல்லை.

சண்டைக் காலத்தில், கரண்டும் இல்லாத பொருளாதாரத் தடை நாட்களில், இதே முன்னறையில்தான் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். ஒழுங்கையில் வீட்டுக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய் சேர்ப்பார்கள். ரிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வரும். ஜெனரேற்றர் போடும் சத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. படமோ இங்கிலீசு.

கேதீஸ்வரன் ரிவியோடு காதை ஒட்டிக்கொண்டு, கேட்டதில் பாதியையும் கேட்காததில் முழுவதையும் தமிழில் கத்திச் சொல்லுவான்.

மூன்றாம் படத்தன்று, முடிவுக்குச் சற்று முன்னர் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

கப்பலில் உள்ளவர்களைக் காப்பாற்ற, கப்டன் தனியே சின்ன ஓடமொன்றில் இருளுக்குள் இறங்கியிருந்தார். திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ஜெனரேற்றர் ஓய்ந்த அமைதியில் பராசக்தி அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"தம்பி, அவர் திரும்பி வாறாரோ?"

அக்காவின் புருஷன் தியாகலிங்கம் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய், ஒரு தகவலும் இல்லாமல் அப்போது ஒரு மாதம்.

"ஓம் அக்கா, வாறார்" என்றான் கேதீஸ்வரன். பதினேழு வயதுப் பெடியன் வேறென்ன சொல்வான்?

சொன்னதோடு நிற்காமல் கதையையும் முடித்துவைத்தான். கப்பலின் கதவு திறந்தது. பச்சை வெளிச்சம் விழுந்தது. ஓடம் உள்ளே வந்து நின்றது. கப்டன் கையுறையைக் கழற்றி, காத்திருந்த மனைவியின் கன்னத்தைத் தொட்டார்.

அவன் சொன்ன விதத்தில் ஒழுங்கையே அதைக் கண்ணால் கண்டதாக நம்பியது. அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்ததாகக் கனிசியஸ் இன்றைக்கும் அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணுவான்.

பல வருடம் கழித்துக் கொழும்பில் ஒரு கசற் எடுத்து, கேதீஸ்வரன் தனியே முழுப்படத்தையும் பார்த்தான். கப்டன் வரவில்லை. கதவு மூடிக்கொள்கிறது. மனைவி கண்ணாடியில் கையை வைத்தபடி நிற்கிறாள். அவ்வளவுதான்.

அவன் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

தியாகலிங்கமும் வரவில்லை. அக்கா பொட்டை அழிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நல்லூருக்குப் போய்ப் புருஷனின் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வார். திரும்பி வரும்போது சிலவேளை கேதீஸ்வரனின் படலையில் நின்று, "அந்தக் கப்டன் மாதிரித்தான் தம்பி, இவரும் ஒருநாள் வந்து நிப்பார்" என்று சிரிப்பார்.

அந்த ஒரு பொய்யின் மேல் ஒரு மனுசி முப்பது வருடமாகக் குடியிருக்கிறாள். இன்னும் சற்று நேரத்தில் அது இடிந்து விழப்போகிறது.

"இந்தா, இப்ப பச்சை லைட் வரும் பாருங்கோ!" என்று கனிசியஸ் கதிரை நுனிக்கு வந்தான்.

ஓடம் இருளுக்குள் இறங்கியது. மூடத் தொடங்கிய கதவின் பக்கம் கப்டனின் மனைவி ஓடினாள். கேதீஸ்வரன் கண்களை இறுக மூடிக்கொண்டு பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தான்.

சத்தம் நின்றது.

கண் திறந்தான். சுவரில் திரை கறுப்பாக இருந்தது.

"சனியன் பிடிச்ச கரண்ட்! சரியா அந்த இடத்திலை..." என்று தொடங்கிய கனிசியஸ் அண்ணாந்து மேலே பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். கதிரை நுனியிலிருந்து மெல்லப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டான்.

"படம் கிடக்கட்டும்" என்றார் அக்கா. "நீ சொல்லு தம்பி. அவர் திரும்பி வாறாரோ?"

கேதீஸ்வரன் அக்காவின் பக்கம் திரும்பி இருந்தான்.

"ஓம் அக்கா, வாறார்."

மறுபடி கதவைத் திறந்தான். பச்சை வெளிச்சத்தை விழுத்தினான். ஓடத்தைப் பக்குவமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். அக்கா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கப்டன் கையுறையைக் கழற்றும் இடத்தில் அவன் குரல் தடுமாறி நின்றது.

"கன்னத்தைத் தொடுவார்" என்று அக்கா எடுத்துக்கொடுத்தார்.

வேர்த்திருந்த நெற்றியில் காற்றுக் குளிர்ந்ததைக் கேதீஸ்வரன் அப்போதுதான் உணர்ந்தான். தலையை நிமிர்த்தினான்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் படத்தின் கீழே ஓடியிருந்த சிவப்புக் கோடு ஞாபகத்துக்கு வந்தது.

"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று அக்கா எழுந்து குசினிக்குப் போனார். அவர் இருந்த கதிரையில் ரிமோட் கிடந்தது.

நேர்ந்த தேங்காயை எப்படியும் உடைத்துவிடுவது என்று கேதீஸ்வரன் நினைத்துக்கொண்டான்.